கஸ்தூரிரங்கன் வீட்டு நம்பர்

தி.நகரில் சண்முகவேல் முதலாளிக்கு மூன்று கடைகள்: பட்டு, நகை, பாத்திரம். மூன்றிலும் கம்ப்யூட்டர் உண்டு. ஆனால் பேச்சுவார்த்தை இல்லாத ஓரகத்திகள் மாதிரி, ஒன்றில் இருப்பது மற்றொன்றுக்குத் தெரியாது. நகைக்கடையில் கல்யாணத்துக்கே வாங்கியவரைப் பட்டுக்கடை புது ஆளாக வரவேற்றது. மூன்றையும் ஒரே பட்டியலாக்கத்தான் தொண்ணூற்றாறில் ஸ்வர்ணலதாவை வேலைக்கு எடுத்தார்.

"பொங்கலுக்குள்ள முடிச்சிரு. அதிகமா வாங்குன குடும்பத்துக்கு மேடையில வெள்ளிக் குத்துவிளக்கு. பட்டியல் சரியா இருந்தா உன் வேலையும் நிரந்தரம், கேட்டியா?" என்றார்.

சிந்தாதிரிப்பேட்டை வீட்டில் அவள் சம்பளத்தை நம்பித்தான் அடுப்பு எரிந்தது. இந்த வேலை போனால் என்ன செய்வது என்று நினைக்கவே அவளுக்குப் பயம்.

பட்டியலில் பெயரை நம்ப முடியவில்லை. ஒரு கடையில் இனிஷியல் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. முகவரியோ, குளத்துக்கு எதிரே, கோயிலுக்குப் பின்னே என்று கதை அளந்தது. டெலிபோன் நம்பர்தான் பிசகாது என்று முடிவு கட்டினாள். ஒரே நம்பர் என்றால் ஒரே குடும்பம். முதலில் வந்த பெயர் குடும்பத் தலைவர். சில நம்பர்களின் வாலில் 'பி.பி.' என்று ஒட்டிக்கொண்டிருந்ததைக் குப்பை என்று துடைத்துவிட்டாள். கெட்டிக்காரப் பெண்தான், அந்த நேரத்தில் மட்டும் புத்தி புல் மேயப் போயிருந்தது.

முதலிடத்தில் வந்தவர் மயிலாப்பூர் கஸ்தூரிரங்கன். தாலிச் சங்கிலி, கூறைப்புடவை, சீர்ப் பாத்திரம் என்று ஏகப்பட்டது. "நாலு பொண்ணைக் கரையேத்திருப்பாரு போல!" என்று பூரித்த முதலாளி, அழைப்பிதழை அவளையே நேரில் கொடுத்துவரச் சொன்னார்.

போய்ப் பார்த்தால் மாட வீதியை ஒட்டிய சந்தில் ஒண்டுக்குடித்தனம். கஸ்தூரிரங்கன் ரிடையரானவர். மனைவி ஜானு மாமியின் கழுத்தில் வெறும் மஞ்சள் கயிறு. அழைப்பிதழைப் படித்துவிட்டு மாமி சிரித்தாள்.

"உங்க கடையில நாங்க வாங்கினது ஒரே ஒரு காபி ஃபில்டர்தாம்மா."

அப்போது ஃபோன் அடித்தது. எடுத்த கஸ்தூரிரங்கன், "லைன்லயே இருங்கோ" என்று செருப்பை மாட்டிக்கொண்டு பின்கட்டுக்கு விரைந்தார். அங்கே இட்லிக் கடை போடும் புஷ்பத்தின் குரல் கேட்டது: "தோ வந்துக்கினே கீறேன் சாமி!"

"இந்தச் சந்துக்கே எங்காத்து நம்பர்தான். நாள் முழுக்க ஓடிண்டே இருக்கார்" என்றாள் மாமி.

தான் துடைத்துப்போட்ட அந்த வால் ஸ்வர்ணலதாவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. பி.பி. என்றால் பக்கத்து வீட்டு ஃபோன். அவளுக்குத் தெரியாததா? இந்த வேலைக்கான விண்ணப்பத்திலேயே தன் வீட்டு எதிர்க்கடை இனாயத் பாயின் நம்பரைப் போட்டு, பக்கத்தில் பி.பி. என்று தன் கையால் எழுதியிருந்தாளே! ஒரு சந்து முழுவதையும் ஒரே குடும்பமாக்கிவிட்டதை அழாத குறையாகச் சொன்னாள்.

"உன் வேலைக்கு ஆபத்துன்னா நாங்க வந்து வாங்கிண்டுடறோம். யாருக்குத் தெரியப் போறது?" என்றாள் மாமி.

திரும்பி வந்த கஸ்தூரிரங்கன் தயங்கினார். "புஷ்பம் வாயைக் கட்டி வயித்தைக் கட்டிப் பொண்ணுக்கு நகை வாங்கினா. அதுக்கு நான் விளக்கு வாங்கிக்கறதாம்மா?"

ஸ்வர்ணலதா நேரே முதலாளியிடம் போய் உண்மையைச் சொன்னாள். "கண்ணை எங்க வச்சுக்கிட்டு வேலை பாத்த?" என்று அவர் பொரிந்து தள்ளினார். வேலை நிரந்தரமாகவில்லை. பட்டியலைத் திருத்தும்வரை இருக்கலாம், அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்.

யார் எதை வாங்கினார்கள் என்று கேட்டுப் பிரித்தெழுத, மறுநாள் காலை முதல் வேலையாக மயிலாப்பூர் நம்பரைச் சுழற்றினாள். "சார், புஷ்பம் அம்மாவைக் கொஞ்சம் கூப்பிடறீங்களா?"

"லைன்லயே இரும்மா."

செருப்புச் சத்தம் தேய்ந்துகொண்டே போயிற்று. இதே கடையிலிருந்து இன்டர்வியூவுக்குக் கூப்பிட்ட அன்று, இனாயத் பாய் கல்லாப்பெட்டியைக்கூடப் பூட்டாமல் அவள் வீட்டுக்கு ஓடி வந்தது நினைவுக்கு வந்தது. அவருக்கு இதுவரை ஒரு வார்த்தை நன்றி சொன்னதில்லை. ரிசீவரைக் காதோடு அழுத்தியபடி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, புஷ்பம் வரும்வரை காத்திருந்தாள்.