நாலு மணிக்கு மேல்

கயாம்பே மலையடிவாரத்து ரோஜாப் பண்ணையில் செனாய்டா பத்தொன்பது வருஷமாகப் பூப் பிரித்துவந்தாள். காம்பின் நீளம் பார்த்து, மொட்டுப் பார்த்து, இருபத்தைந்தாகக் கட்ட வேண்டும். காதலர் தின நெரிசலிலும் அவள் கை பதறாது.

முதலாளி தோன் எஃப்ராயின் (‘தோன்’ என்றால் அங்கே ‘ஐயா’) கெட்டவர் இல்லை. தலைநகர் கீத்தோவில் ஏதோ கருத்தரங்குக்குப் போய்வந்தவர், ஆளுக்கொரு தாள் கொடுத்து, ‘இந்த வேலை உங்களுக்கு என்ன தருகிறது?’ என்று எழுதச் சொன்னார். வளர்ச்சி, பயிற்சி, பாசம் என்றெல்லாம் பதில் வருமென்று எதிர்பார்த்தார். செனாய்டா எழுதியது மூன்றே சொல்: ‘நாலு மணி பஸ்.’

அவருக்குச் சுருக்கென்றது. கூப்பிட்டனுப்பினார்.

“இத்தனை வருஷத்துல பஸ்ஸு மட்டுந்தான் கண்ணுக்குத் தெரிஞ்சுதா?”

“சம்பளமும்தான், தோன். அது தெரிஞ்ச கதைதானேன்னு எழுதல.”

“நாம ஒரே குடும்பம்னு நெனச்சேன்.”

“கீத்தோவுல ஒரு வீட்டுல ஏழு வருஷம் சமைச்சேன். அவங்களும் குடும்பம்னுதான் சொன்னாங்க. ஞாயித்துக்கிழமைகூட விடல. இங்க சங்கு ஊதிட்டா என்னை யாரும் தேடுறதில்ல.”

அவர் யோசித்தார். “சரி, உன்னை மேஸ்திரியா போடறேன். ஏழு மணி வரைக்கும் இருக்கணும், அவ்வளவுதான்.”

“வேணாம். எம் பக்கத்துல பூப் பிரிக்கிற மார்லெனிக்குக் குடுங்க. அவளுக்குத்தான் ஆசை.”

மேலே வர மனமில்லாத ஜென்மம் என்று அவர் முடிவுகட்டினார். மார்லெனி மேஸ்திரியானாள், நன்றாகவே நடத்தினாள்.

ஆகஸ்டு வறட்சியில் பண்ணைக்குத் தண்ணீர் போதவில்லை. ஊர் வாய்க்காலில் வாரம் இரண்டு முறை கூடுதலாகக் கேட்டு, தோன் எஃப்ராயினே மனுவோடு தண்ணீர்ச் சபைக்குப் போனார். தலைவர் நாற்காலியில் செனாய்டா உட்கார்ந்திருந்தாள்.

“நீயா தலைவி?”

“எட்டு வருஷமா, தோன். உக்காருங்க. உங்களுக்கு முன்னால நாலு மனு இருக்கு.”

மடையைத் திருப்பிவிட்டதாக அண்ணன் தம்பி இருவர் அடித்துக்கொள்ளாத குறை. அவள் குரலை உயர்த்தாமல் இருவரையும் பேசவிட்டு, மடைச் சாவியை மூன்றாமவரிடம் கொடுத்தாள். ஒன்றரை மணி நேரம் கழித்துப் பண்ணையின் முறை வந்தது. தன் முதலாளியின் மனு என்பதால் வாக்கெடுப்பில் அவள் கை தூக்கவில்லை. ஊராரின் சோளத்துக்குப் பாய்ச்சிய பிறகு வாரம் ஒரு முறை என்று சபை தீர்மானித்தது.

வெளியே வந்ததும் அவர் கேட்டார்: “சொல்லியிருந்தா நானே உனக்கு நேரம் ஒதுக்கித் தந்திருப்பேனே?”

“எதுக்கு தோன்? நாலு மணிக்கு மேல என் நேரந்தானே.”

மறுநாள் அலுவலகத்தில் அவர் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: “ஒரு சபையையே கட்டி மேய்க்கிறா. எல்லாம் நம்ம பண்ணையில கத்துக்கிட்டது.”

மார்லெனி ஓடிவந்து சொன்னாள். செனாய்டாவுக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. “சொல்லிட்டுப் போகட்டும்” என்றவள், அடுத்த கட்டுக்குப் பூவை எடுத்தாள்.