டிரம் இல்லாத வீடு

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை செய்கிறேன். ஷூவின் மேல்தோலை ஓரம் மடித்து ஒட்டுவது என் வேலை. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. பஸ்ஸில் பாக்கிச் சில்லறையைக் கேட்க வாய் வராமல் இறங்கி வந்துவிடுகிற ஆள் நான். இப்படிப்பட்டவள் உட்கார்ந்து எழுதுவது அதிகப்பிரசங்கித்தனமாகத் தெரிந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். வீடு விற்று வீடு வாங்குவது ஒன்றும் ஊரில் நடக்காத காரியமில்லை. அந்த மூன்று மாதம் எனக்கு இருந்த பயத்தை யாரிடமும் சொன்னதில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

என் கணவரும் ஷூ கம்பெனியில்தான் இருக்கிறார். அவர் பிரிவை ராணிப்பேட்டைக்கு மாற்றிவிட்டார்கள். விடிவதற்கு முன்பே கிளம்பிப் போய், இருட்டிய பிறகு வருவார். முட்டி வலி வேறு. ஒருநாள் திரும்பி வரும்போது பஸ்ஸில் தூங்கிப்போய், ஆம்பூரைத் தாண்டி வாணியம்பாடியில் இறங்கி நின்றார். அங்கிருந்து போன் செய்து, "இனிமே முடியாது" என்றார். மகளைக் கட்டிக் கொடுத்தாயிற்று. எனக்கும் அந்தப் பக்கத்திலேயே ஏதாவது கம்பெனியில் வேலை கிடைக்கும். ராணிப்பேட்டையில் வீடு பார்க்க ஆரம்பித்தோம்.

கடைசியில் ஒரு வீடு பிடித்தது. இரண்டு அறை, வெளியில் மாடிப்படி, பின்கட்டில் வரிசையாகப் பூந்தொட்டிகள். துடைத்து வைத்தது போல இருந்தது. அந்த வீட்டம்மா காபி கொடுத்தார். நான் குடித்தேனே தவிர ஒன்றும் கேட்கவில்லை. பிடித்துப்போனதும் பயம் வந்துவிட்டது, வேறு யாராவது முந்திக்கொள்வார்களோ என்று. அந்தப் பயத்திலேயே அவசரமாக அட்வான்ஸ் கொடுத்தோம். அவருடைய பி.எஃப். பணத்தில் எடுக்க முடிந்ததை எடுத்தோம், என் சங்கிலியை அடகு வைத்தோம். மூன்று மாதத்துக்குள் மீதியைக் கட்டிப் பதிவு செய்யாவிட்டால் அட்வான்ஸ் திரும்பாது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. மீதிப் பணம் எங்களிடம் இல்லை. ஆம்பூர் வீட்டை விற்றால்தான் உண்டு.

முதலில் விற்றுவிட்டுப் பிறகு வாங்கியிருக்க வேண்டும். இது கையெழுத்துப் போட்ட அன்று ராத்திரிதான் எனக்கு உறைத்தது. அவரிடம் சொல்லவில்லை. அவருக்கும் உறைத்திருக்கும். அவரும் சொல்லவில்லை.

முதல் மாதம் வீடு பார்க்க இரண்டு குடும்பம் வந்து போயின. போனவர்கள் திரும்பவில்லை. காலண்டரைப் பார்க்கவே பிடிக்காமல் போனது. கம்பெனியில் கை தானாக மடித்துக்கொண்டிருக்கும், மனது அடகுக் கடையில் இருக்கும். ஒருநாள் வலது கால் தோல்களையும் இடது கால் தோல்களையும் கலந்து ஒட்டி அடுக்கிவிட்டேன். சூப்பர்வைசர் ஒரு ஜோடியைத் தூக்கிக் காட்டி, "இன்னாக்கா, ரெண்டு காலும் ஒரே பக்கம் நடக்குது" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது.

அப்போதுதான் புரோக்கர் சொன்னார், வீட்டை ஒழிக்க வேண்டும் என்று. அவர் முன்பு தோல் பதனிடும் டேனரி ஒன்றில் மேஸ்திரியாக இருந்தவர். முழங்கைக்குக் கீழே தோலின் நிறமே மாறியிருக்கும்.

"வீடு மாதிரியா இருக்குது இது? குடோன் மாதிரி இருக்குது. வர்றவங்க எங்க நிப்பாங்க?"

அவர் சொன்னதில் தப்பில்லை. கட்டிலுக்கு அடியில் மூட்டை மூட்டையாகத் தோல் துண்டுகள் கிடந்தன, பர்ஸ் தைக்கலாம் என்று நான் சேர்த்து வைத்தவை. பரண் முழுக்க ஒற்றைக் கால் ஷூக்கள். சாம்பிள் ஷூவை ஒரு காலுக்குத்தான் செய்வார்கள். வேண்டாம் என்று ஒதுக்குவதை என் கணவர் கேட்டு வாங்கி வந்துவிடுவார். அவ்வளவு நல்ல தோலைத் தூக்கிப் போட அவருக்கு மனம் வராது.

"ஒத்தக் கால் ஷூவ யாருக்குங்க போடறது?" என்று கேட்டேன்.

"கொக்குக்குப் போடு" என்றார்.

அந்த மாதம் நாங்கள் இரண்டு பேரும் சிரித்தது அப்போது மட்டும்தான். சிரித்துக்கொண்டே மூட்டை கட்டினோம். ஆனால் ஒவ்வொன்றையும் வெளியே வைக்கும்போது, அட்வான்ஸ் போய், சங்கிலி போய், இதே வீட்டில் நாங்கள் உட்கார்ந்திருக்கும்போது இதுவும் இல்லாமல் போய்விடுமே என்று தோன்றும். குப்பை வண்டி வருவதற்குள் ஒரு மூட்டையைத் திரும்ப உள்ளே கொண்டுவந்து, மறுபடியும் வெளியே வைத்தேன்.

எல்லாவற்றையும் ஒழித்த பிறகு புரோக்கர் பின்கட்டைப் பார்த்துக் கையைக் காட்டினார். "இதுங்கதான் மெயின்."

அவர் காட்டியது டிரம்களை. டேனரிக்குக் கெமிக்கல் வரும் நீல பிளாஸ்டிக் டிரம்களைக் கழுவி விற்பார்கள். எங்கள் பக்கத்தில் அது இல்லாத வீடு கிடையாது. முனிசிபாலிட்டிக் குழாயில் தண்ணீர் சில நாளைக்கு ஒரு முறை வரும். வரும்போது பிடித்து நிரப்பிக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் போர்வெல் உண்டு. மழைக் காலத்தில் அந்தத் தண்ணீர் பரவாயில்லை. வெயில் ஏற ஏற மஞ்சளாகிவிடும். சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது.

"இத்தினி டிரம்ம பாத்தா வர்றவன் இன்னா நெனப்பான்? தண்ணி பேஜார்னு வாசல்லயே திரும்பிடுவான். மொதல்ல வந்தவங்க ஏன் திரும்பி வரல? இதான். எடுத்துடுங்க."

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்லத் தோன்றியது, சொல்லவில்லை.

பழைய டிரம் கடை பாய் டெம்போ கொண்டுவந்து ஏற்றிப் போனார். "எல்லாத்தயுமா தர்றீங்க?" என்று மட்டும் கேட்டார். டிரம் நின்ற இடங்களில் சிமெண்ட் தரையில் வெள்ளை வெள்ளையாக வட்டங்கள் இருந்தன. வருஷக்கணக்காக உப்பு ஊறியது. ஆசிட் ஊற்றித் தேய்த்தேன். வட்டம் இன்னும் பளிச்சென்று தெரிந்தது. என் கணவர் கட்டிலைக் கொண்டுவந்து அதன்மேல் போட்டார். பின்கட்டில் யார் படுக்கப் போகிறார்கள் என்று நான் கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்துக் குழாயில் தண்ணீர் வந்தது. பிடிக்க எதுவுமில்லை. குக்கர், இட்லிப் பானை, மாவு அரைத்து வைக்கும் சட்டி, குளிக்கிற வாளி என்று கையில் கிடைத்ததிலெல்லாம் பிடித்தேன். எல்லாம் நிரம்பிய பிறகும் நல்ல தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. அது சாக்கடைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எதிர்வீட்டுப் பெண் அவளுடைய டிரம்மை நிரப்பிக்கொண்டே, "டிரம்ம வித்து நக வாங்கினியாக்கா?" என்றாள். கழுத்தில் சங்கிலி இல்லாததை அவள் கவனித்திருக்கிறாள் என்று தெரிந்து முந்தானையை இழுத்து மூடிக்கொண்டேன்.

மூன்றாவது மாதம் பிறந்து சில நாள் ஆகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை புரோக்கர் ஒரு கணவன் மனைவியை அழைத்து வந்தார். வந்தவருக்கு ஜோலார்பேட்டையில் ரயில்வேயில் வேலை. மழை விட்ட நேரம். போர் தண்ணீர் தெளிவாகத்தான் வந்துகொண்டிருந்தது. புரோக்கர் மோட்டாரைப் போட்டுக் காட்டினார். ரயில்வேக்காரர் ஒரு வாய் கொப்பளித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.  இவர்களும் போய்விட்டால் வேறு ஆள் தேட நாள் இல்லை.

அவர் மனைவி மோட்டார் பக்கம் வரவே இல்லை. நேராகச் சமையலறைக்குப் போனார். அங்கே இருந்த இரண்டு குடத்தைப் பார்த்தார். பின்கட்டுக்குப் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார்.

"டிரம் எங்க?"

புரோக்கர் சிரித்தார். "டிரம் எதுக்குமா? போர் இருக்குது. பட்டனைத் தட்டினா கொட்டுது."

"கொட்டட்டும்ணா. நான் பொறந்தது பேரணாம்பட்டு பக்கம். டிரம் இல்லாத வூட்ட நான் பாத்ததே இல்ல. தண்ணி நல்லாருக்கற வூட்லகூட ரெண்டு டிரம் நிக்கும். ஒண்ணுமே இல்லன்னா எடுத்து ஒளிச்சிட்டாங்கன்னு அர்த்தம்."

"ஆரம்பிச்சிட்டா" என்றார் ரயில்வேக்காரர். "வூடு பாக்க வந்தியா, போலீஸ் வேலை பாக்க வந்தியா?"

"நீ கொப்பளிச்சிட்டு நில்லு. கட்டில இங்க ஏன் போட்டு வெச்சிருக்காங்க? மழ பேஞ்சா யாரு நனையறதுக்கு?"

 அந்தப் பெண் குனிந்து கட்டிலின் ஒரு பக்கத்தைப் பிடித்து இழுத்தார். வட்டங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடந்தன. நான் ஆசிட் ஊற்றிய இடம் எல்லாவற்றையும்விட வெள்ளையாக இருந்தது.

"அக்கா, நீங்க சொல்லுங்க" என்றார் என்னிடம். "ஆம்பளைங்க சொன்னா நான் கேக்க மாட்டேன்."

புரோக்கர் என்னைப் பார்த்துக் கண்ணால் ஏதோ சொன்னார். என் கணவர் மோட்டாரை நிறுத்தப் போவது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.  ஒரு வார்த்தை தப்பினால் அட்வான்ஸ் போயிற்று என்று தெரியும். சமாளிக்க வழி இருந்தது. டிரம் பழசாகிவிட்டது, புதுசு வாங்கப் போகிறோம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பொய் சொல்ல ஆரம்பித்தால் அதன்மேல் நிறையப் பேச வேண்டியிருக்கும். எனக்கு அவ்வளவு பேச வராது.

அந்த வட்டங்களைப் பார்த்துக்கொண்டு நின்றபோது இன்னொன்றும் ஞாபகத்துக்கு வந்தது. ராணிப்பேட்டை வீட்டின் பின்கட்டு. வரிசையாகப் பூந்தொட்டிகள். அங்கேயும் ஒரு டிரம்கூட இல்லை. காபி குடித்துக்கொண்டு அந்தத் தொட்டிகளை நான் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு பெரிய தொட்டிகளில் அவ்வளவு சின்னச் செடிகள்.

"இருந்துச்சுமா" என்றேன். "போன மாசம்தான் வித்தோம். இப்ப தண்ணி நல்லாத்தான் வருது. வெயில்ல இப்படி இருக்காது."

"மஞ்சளா வருமா, செவப்பா வருமா?"

"மஞ்சள்தான்."

"பருப்பு வேகுமா?"

"வேகாது. குழாத் தண்ணியிலதான் போடுவேன்."

"குழால எத்தினி நாளைக்கு ஒரு தபா?"

"நாலஞ்சு நாளாவும். சில சமயம் வாரம்கூட ஆயிடும். வந்தா நல்லா வரும், ரொம்ப நேரம் வரும்." கடைசியில் சொன்னது விற்பதற்காகச் சொன்னதல்ல. சாக்கடைக்குப் போன தண்ணீர் ஞாபகம் வந்துவிட்டது. "வரும்போது வூட்ல இருக்கணும்" என்றும் சொன்னேன்.

அந்தப் பெண் கட்டிலைப் பழைய இடத்துக்குத் தள்ளினார்.  மூடிவிட்டுக் கிளம்பப் போகிறார் என்று நினைத்தேன். கிளம்பத்தான் செய்தார்கள். வாசலில் செருப்பு மாட்டும்போது, "நாளைக்குச் சொல்றோம்கா" என்றார். முன்பு வந்த இரண்டு குடும்பமும் இதையேதான் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

அவர்கள் தெருமுனை திரும்பும்வரை புரோக்கர் பொறுத்திருந்தார். "நல்லா வித்தீங்கமா வூட்ட" என்றார். "கொறையெல்லாம் போர்டுல எழுதி வாசல்ல மாட்டிடுங்க, எனக்கு வேலை மிச்சம்." வண்டியை உதைத்துக்கொண்டு போய்விட்டார்.

என் கணவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கட்டிலில் உட்கார்ந்து முட்டியை நீவிக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்:

"அந்த வூட்ல டிரம் பாத்தியா நீ?"

"பாக்கலங்க."

"நானும் பாக்கல."

"தொட்டி வெச்சிருந்தாங்க."

"ஆமா. வரிசையா."

 அவர் மோட்டாரைப் போட்டு ஒரு டம்ளரில் தண்ணீர் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே ஊற்றினார்.

மறுநாள் காலை புரோக்கர் போன் செய்தார். ரயில்வேக்காரர் வீட்டில் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள், கேட்டதைவிடக் குறைத்து. சரி என்றோம். நான் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, பாய் கடையில் இரண்டு டிரம்மைத் திரும்ப வாங்கி வீட்டில் போடச் சொன்னேன். கொடுத்ததைவிட ஜாஸ்தி கேட்டார், "உங்க டிரம்ம உங்களுக்கே விக்க எனக்கே வெக்கமா இருக்குதுமா" என்று சொல்லிக்கொண்டே. சாயந்திரம் ராணிப்பேட்டை போனேன். என் கணவர் வேலை முடிந்து வந்ததும் இருவரும் அந்த வீட்டுக்குப் போனோம். பின்கட்டில் ஓரமாக இருந்த தொட்டியை நான் நகர்த்தினேன். வட்டம் இருந்தது. தண்ணீர் எப்படி என்று அந்த வீட்டம்மாவைக் கேட்டேன். போர் தண்ணீர் துவைக்க மட்டும்தான் என்றார். எங்களுக்குக் குறைந்ததில் பாதியை அவர்கள் குறைத்துக்கொண்டார்கள். மீதிக்கு என் கம்மலை அடகு வைப்பது என்று பஸ்ஸில் பேசிக்கொண்டு வந்தோம்.