செல்போனில் காணாமல் போனவர்

அந்த இலக்கிய இதழின் அலுவலகத்தில் அவளுக்குக் கத்தரிக்கோல் என்றுதான் பெயர். இணையதளத்தை வடிவமைப்பவள். எந்தப் படம் கைக்கு வந்தாலும் ஓரத்தை வெட்டாமல் விடமாட்டாள். "கல்யாணப் போட்டோவை இவகிட்ட குடுத்தா மாப்பிள்ளையோட காதுதான் மிஞ்சும்" என்பார் ஆசிரியர். விளம்பரப் பலகைக் கடையில் பழகிய கை, சும்மா இருக்குமா?

இதழின் தளமோ வெறும் எழுத்தாக அழுது வடிந்தது. இதழில் எழுதும் கவிஞர் ஒருவர் படமும் வரைவார் என்று கேள்விப்பட்டு, அவர் வீட்டுக்கே போய்க் கேட்டாள். சாப்பாட்டு மேசைக்கு மேல் தொங்கிய அகலமான ஓவியத்தைக் காட்டினார். இடது பக்கம் ஜன்னலருகே அவர் எழுதிக்கொண்டிருக்கிறார். வலது கோடியில், மாடிப்படியில், அவர் மனைவி துணி மடிக்கிறார்.

"இது அவளுக்கு நான் குடுத்தது. அவளைக் கேளுங்க."

மனைவி யோசித்துத்தான் சம்மதித்தார்.

ஓவியத்தைத் தளத்தின் முகப்பில் வைத்து, அதன் நீலத்தையும் காவியையும் எடுத்துத் தலைப்புகளுக்கும் பூசியதும் தளம் களைகட்டிவிட்டது. மறுநாளே அந்த அம்மாவிடமிருந்து போன்.

"படத்தை எடுத்துடும்மா."

"ஏம்மா, நல்லாத்தானே இருக்கு?"

"என் போன்ல பார்த்தேன், நான் இல்லையே. அவரு கவிதையில எனக்கு எப்பவும் இடமில்ல. இந்த ஒரு படத்துலதான் இருந்தேன். அங்கயும் வெட்டிட்டியே!"

கத்தரிக்கோலுக்குச் சுருக்கென்றது. செல்போன் திரை குறுகலானது. கவிஞர் தெரிந்தால் போதும் என்று மிச்சத்தை வெட்டியது அவள்தான். மாடிப்படியில் இருந்தவரை ஓர் ஆளாகவே அவள் பார்க்கவில்லை, நல்ல நீலம் இருக்கிற மூலை என்றுதான் பார்த்திருந்தாள். நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது.

"எடுக்கறதுக்கு முன்னாடி சாயங்காலம் ஒரு தடவை பாருங்கம்மா" என்று கெஞ்சிவிட்டு உட்கார்ந்தாள். முழுப் படத்தையும் சுருக்கினால் இருவரும் எறும்பாகிவிட்டார்கள். செல்போனில் ஒருவருக்குத்தான் இடம்.

மாலையில் கவிஞரே கூப்பிட்டார்.

"என்னம்மா இது, போன்ல என்னைக் காணோம்?"

"ரெண்டு பேருக்கும் இடம் பத்தல சார். கம்ப்யூட்டர்ல பாருங்க, இருக்கீங்க."

"வரைஞ்சவன் நான்!"

"ஒவ்வொரு கவிதைக்குக் கீழயும் உங்க பேரு இருக்குல்ல?" என்று பின்னாலிருந்து மனைவியின் குரல் கேட்டது. "படம் இப்படியே இருக்கட்டும்."

கவிஞர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அவ மடிக்கிறது என் சட்டைம்மா. அது மட்டும் வெட்டுப்படாம பாத்துக்க" என்றார்.