ட்ராமில் வந்த குதிரைவீரர்

இன்று வேலை முடிந்து ட்ராமில் வந்துகொண்டிருந்தேன். எதிரே இருந்த வயதான கிரேக்க அம்மா ஒருவர், கொண்டக்டரிடம் தன் மொழியிலேயே வழி கேட்டுக்கொண்டிருந்தார்.

“இங்கிலீஷ் பேசு, இல்லாவிட்டால் உன் ஊருக்குப் போ!” என்று ஒரு குடிகாரன் கத்தி, அவருடைய பையைக் காலால் தள்ளிவிட்டான்.

எல்லோரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். வெள்ளையரை மட்டுமே ஏற்றுவந்த இந்த நாடு எங்கள் நிறத்தவரை உள்ளே விடத் தொடங்கி ஓரிரு வருடங்கள்தான். எனக்கும் பயம்.

கோட் போட்ட மெலிந்த வெள்ளைக்காரர் ஒருவர் எழுந்து, இருவருக்கும் நடுவில் போய் நின்றார். “அந்தப் பையை எடுத்துக் கொடுங்கள்.”

அவன் அவரைப் பிடித்துத் தள்ளினான். அவர் திரும்ப வந்து அதே இடத்தில் நின்றார்.

அதற்குமேல் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து அவர் பக்கத்தில் நின்றேன். கொண்டக்டர் மணியடித்து ட்ராமை நிறுத்த, அவன் திட்டியபடியே இறங்கிப் போனான்.

“நான் ஒரு நைட்,” என்றார் அவர் வெட்கத்தோடு. பழைய கிறிஸ்தவக் குதிரைவீரர்களான நைட்டுகளைப் போல, எளியவரைக் கைவிடமாட்டோம் என்று அவரும் சில நண்பர்களும் தேவாலயத்தில் சத்தியம் செய்திருக்கிறார்களாம். வாள் கிடையாது, ஜெபம் உண்டு. “இன்றுதான் முதல் தடவை. நன்றாகப் பயந்துவிட்டேன்.”

“பெண்களைச் சேர்ப்பீர்களா?” என்று கேட்டேன்.

“அதை நாங்கள் யோசிக்கவேயில்லை. ஞாயிற்றுக்கிழமை கேட்டுச் சொல்கிறேன்.”

வீட்டில் என் கணவரிடம் சொன்னேன். “ஓம், சேருமன். குதிரையை எங்க கட்டுறது?” என்கிறார்.

நான் கிறிஸ்தவளில்லை, சைவக்காரி என்பதை அவர்கள் சம்மதித்த பிறகு சொல்லலாம் என்றிருக்கிறேன். அக்கா, நீங்கள் என்ன சொல்லுறியள்? பதில் எழுதுங்கோ.