ஐயர் ஜெபிக்க மறந்த நாள்

என் பிறந்தநாளுக்குப் பரிசென்று மகள் ஒரு கூப்பனைத் திணித்துவிட்டாள். வீணாக்க மனமில்லாமல் கராடியில் அந்த அழகு நிலையத்துக்குப் போய், வெதுவெதுப்பான நீரில் காலை விட்டுக்கொண்டு மகாராஜா போல உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்த பெண் என் பாதத்தைத் தூக்கித் தன் மடித்துண்டில் வைத்ததும், வெட்கத்தில் வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். "ரிலாக்ஸ், அங்கிள்" என்றாள். அந்த 'அங்கிள்' வேறு!

தண்ணீரில் டெட்டால் மணம். மனசு நேரே, நெல்லையிலிருந்து பிழைக்க வந்து நாங்கள் முதலில் குடியிருந்த போபோடிக்குப் போய்விட்டது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. பக்கத்துக் கட்கி தொழிற்சாலையில் இரும்பைத் தூக்கிப் போட்டவர். பேச்சும் வலது பக்கமும் போனபின் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். யார் தொட்டாலும் இடது கையால் தட்டிவிடுவார். சோறு ஊட்டவும் விடமாட்டார். "இப்படியே கோவத்தோட போயிருவாரோ" என்று அம்மா அடுப்படியில் அழுவாள். எனக்கும் அந்தப் பயம்தான்.

எங்கள் நெல்லைப் பக்கத்தில் சபைக் குருவை ஐயர் என்றுதான் சொல்வோம். போபோடியில் எங்கள் சபைக்கு அப்போதிருந்த ஐயரின் பிரசங்கத்தில் பாதி சபை தூங்கும், நானும்தான். ஆனால் ஓட்டை ஸ்கூட்டரில் வீடு வீடாக வருவார். ஐயர் வந்தால் சங்கீதம், ஜெபம், பிறகு டீ. அந்த வரிசை மாறவே மாறாது.

அன்று அம்மா பாய் விரித்து, வேதாகமத்தைத் துடைத்து வைத்திருந்தாள். ஐயரோ கட்டிலின் கால்மாட்டிலேயே நின்றுவிட்டார். அப்பாவின் நகங்கள் வளர்ந்து சதையில் குத்திக்கொண்டிருந்தன. நாங்கள் யாருமே கவனிக்கவில்லை.

"யக்கா, கொஞ்சம் வெந்நி தாங்க. டெட்டால் இருக்கா?"

தரையில் சம்மணம் போட்டு, அப்பாவின் காலை மடியில் வைத்து நனைத்து நனைத்து வெட்டினார். கிரிக்கெட், மழை, கட்கி பாஜார் வெங்காயம் என்று என்னென்னவோ பேச்சு. வலது கால் முடிந்ததும் அப்பா இடது காலைத் தானே நீட்டினார். நான் சட்டென்று வெளியே பார்த்துக்கொண்டேன்.

வேலை முடிந்ததும் ஐயர் கைகழுவி, டீயைக் குடித்துவிட்டுப் படியிறங்கிவிட்டார்.

அம்மா பதறி ஓடினாள். "ஐயரே, ஜெபம் பண்ணாமலேல்லா போறீய!"

"ஐயையோ, மறந்தே போச்சே!" தலையில் அடித்துக்கொண்டு திரும்பி வந்தார். கண்ணை மூடி, "ஆண்டவரே" என்றாரோ இல்லையோ, கட்டிலிலிருந்து குழறலாக ஒரு குரல்: "ஆமென்."

அதற்கப்புறம் ஜெபம் எங்கே நடந்தது? ஐயர் சிரித்துவிட்டார். அம்மா சிரித்துக்கொண்டே அழுதாள். அன்று அவள் ஊட்டிய கஞ்சியை அப்பா தட்டிவிடவில்லை. பெரிய பெரிய கூட்டங்களில் மண்டியிட்டிருக்கிறேன். கடவுள் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததாகத் தோன்றியது அந்த வெந்நீர்ச் சட்டிக்குப் பக்கத்தில்தான்.

அப்பா போய்விட்டார். மாற்றலாகி ஊருக்குப் போன ஐயரும் போய்ச் சேர்ந்துவிட்டார். போபோடிக்காரர்கள் கராடி, விஷ்ராந்த்வாடி என்று சிதறிவிட்டோம். இப்போதைய ஐயர் தங்கமானவர். இந்த டிராஃபிக்கில் அவரும் எத்தனை வீடு ஏறுவார்? வாரம் தவறாமல் வீடியோவில் அழைத்து ஜெபிக்கிறார். அம்மா முக்காடு போட்டு, செல்போன் முன்னால் பவ்யமாக உட்காருகிறாள். கீழே ஸ்டூலில் நீட்டியிருக்கும் அவளுடைய வீங்கிய கால் திரையில் தெரிவதில்லை.