கடைசி வளைவில் ஒரு குழி

சத்தியமாகச் சொல்கிறேன், இது நடந்தது. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள், அந்த அறையில் தனியாக உட்கார்ந்திருந்தவன் நான்.

2003, காணும் பொங்கல். ஆரணியில் தறிச் சத்தமே இல்லை. ஊரே வெளியே கிளம்பிப் போயிருந்தது. எனக்குக் கூடப் போக ஆளில்லை. ஜெயவேல் இருந்திருந்தால் இழுத்துக்கொண்டு போயிருப்பான். அந்த அறை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து போட்ட கம்ப்யூட்டர் சென்டர். இரண்டு மாதத்துக்கு முன் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போய்விட்டான். பெங்களூருக்கு ஓடிவிட்டான் என்றார்கள். பாவி, ஒரு போன்கூட இல்லை. அவன் வருவான் என்று தினமும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சென்னையில் ஒரு கேம் கம்பெனிக்கு ஆறு ஒன்று செய்து தர வேண்டும். திரையில் தண்ணீர் நிஜம் போல ஓட, தரையின் சரிவு துல்லியமாக இருக்க வேண்டும். நடுவில் பள்ளம் இருந்தால் அங்கேயே தேங்கிவிடும். அதனால் வறண்டு கிடந்த கமண்டல நாகநதியையே அளந்தோம், கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற தண்ணீர் ட்யூபை வைத்து. கடைசி வளைவு மட்டும் பாக்கி. அதற்குள் அவன் போய்விட்டான். அதை நான் குத்துமதிப்பாகப் போட்டேன்.

மத்தியானம் மணி 3.10. தண்ணீரை ஓடவிட்டேன்.

கடைசி வளைவில் நின்றுவிட்டது. அங்கே ஒரு குழி. நான் போடாத குழி!

ஸ்ஸ்ஸ்... ஸ்ஸ்ஸ்... சன்னமாக ஒரு சத்தம். கம்ப்யூட்டர் ஃபேன் என்று நினைத்தேன். மவுஸால் குழியை மூடினேன்.

சத்தம் நின்றது.

3.14. மறுபடியும் குழி. மறுபடியும் சத்தம்... குழாய் வழியாக யாரோ மூச்சு விடுகிற மாதிரி.

மூடினேன். நின்றது.

3.17. திரையில் தண்ணீர் மேட்டில் ஏறியது. ஏறி... அந்த இடத்துக்கே போனது. மவுஸைப் பிடித்தேன்.

காதுக்குப் பக்கத்தில்...

"மூடாதடா."

ஜெயவேல் குரல்.

"எங்கடா கீற?" என்றேன்.

ஸ்ஸ்ஸ்...

செருப்புகூடப் போடாமல் ஓடினேன். தெருவில் ஒரு ஆள் இல்லை.

மறுநாள் காலையில் மணல் வண்டிக்காரர் சடையன் என்னைத் தேடி வந்தார்.

"நேத்து சாயங்காலம் ஆத்து வளைவுல மணலு தானா உள்வாங்கிகினு இருந்துச்சு தம்பி. ஒரு ட்யூப் முனை தெரிஞ்சுது. இழுத்தா வரல. தோண்டினோம்... உன் கூட்டாளிப்பா."

பாக்கியிருந்த வளைவை அளக்கத் தனியாகப் போயிருக்கிறான். மணல் அள்ளிய பள்ளத்தில் இறங்கியபோது கரை சரிந்து மூடியிருக்கிறது. அவன் எங்கேயும் ஓடவில்லை.

ட்யூபின் அடி முனை அவன் வாயில் இருந்ததாம்.

மேல் முனையை மணல் அடைத்திருந்தது.