மாப்பிள்ளையை வெட்டச் சொன்னார்கள்

சென்ற வருடம் குற்றாலத்தில் சீசன் உச்சத்தில் இருந்தபோது, இலஞ்சியில் எங்கள் வீட்டில் நடந்தது இது. சீசனுக்கு அருவிக்கு ஊரே வரும். எங்கள் பீரோவுக்குப் பூஞ்சை வரும். அந்த முறை அது பிடித்தது என் தங்கையின் கல்யாண டிவிடியை.

அந்தக் கல்யாணம் நிலைக்கவில்லை. கோர்ட்டில் பிரிந்து தங்கை எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்து சில வருடங்கள் ஆகின்றன. ஆனால் மறைந்த எங்கள் அப்பா நடமாடுவதும் பேசுவதும் அந்த ஒரு டிவிடியில் மட்டும்தான். அது போனால் அவர் குரலும் போய்விடும். கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுவது என்று முடிவு செய்தேன். செய்ததோடு நிற்காமல் நாலு பேரிடம் சொல்லியும் தொலைத்தேன்.

மறுநாளே சித்தப்பா வந்துவிட்டார்.

"ஏலே, வேற எடத்துல வரன் பேசும்போது இது இங்கன கெடக்கலாமா? ஒடச்சுப் போடு."

நான் இழுத்தேன். கொஞ்சம் இறங்கி வந்தார்.

"சரி, எங்க அண்ணன மட்டும் வச்சுக்கோ. மாப்பிள்ளைய வெட்டிரு."

எங்கள் பக்கத்தில் இந்த வாக்கியத்துக்கு வேறு அர்த்தமும் உண்டு. பதறாதீர்கள், அவர் சொன்னது வீடியோவில்தான். வீரம் எனக்குப் புத்தகத்தில் படித்த விஷயம், தலையாட்டினேன். மேற்பார்வைக்கு அவர் கூடத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

டிவிடியை சோப்புத் தண்ணீரில் அலசி, மெல்லிய துணியால் ஒற்றி, என் பழைய கம்ப்யூட்டரில் போட்டேன். அது செங்கோட்டைக்கு மேலே மலையேறும் லாரி மாதிரி முனகியது. பாதியில் நின்றது. மறுபடி அலசினேன். ஒருவழியாக முழுசும் ஏறியது. வெட்ட உட்கார்ந்தேன்.

தாரை வார்க்கும் காட்சி. தங்கையின் கையை மாப்பிள்ளை கையில் வைத்து, இரண்டையும் சேர்த்துப் பொத்திப் பிடித்திருக்கிறார் அப்பா. மாப்பிள்ளையை வெட்டிப் பார்த்தேன். அப்பாவின் இடது காது மட்டும் மிஞ்சியது.

"என்னண்ணே பண்ணுத?" பின்னால் தங்கை. சொன்னேன்.

"கல்யாணம் முறிஞ்சிச்சு, சரி. அப்பாவ எதுக்கு முறிக்க?"

சித்தப்பாவை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, வெட்டாத வீடியோவை முதலிலிருந்து ஓடவிட்டாள். திரையில் அப்பா கேமராக்காரரை விரட்டினார்: "ஏலே, லைட்ட மூஞ்சில அடிக்காத, கண்ணு கூசுதுல்லா!"

சித்தப்பா தன்னையறியாமல் சிரித்துவிட்டார். உடனே முகத்தை இறுக்கிக்கொண்டு, "பக்கத்துல அவனும்லா நிக்கான்" என்றார்.

"நிக்கட்டும் சித்தப்பா. கட்டுனதும் நாந்தான், விட்டதும் நாந்தான். எனக்கில்லாத வெக்கம் ஒங்களுக்கு எதுக்கு?"

"வாற மாப்பிள்ள பாத்துட்டா?"

"பாக்கட்டும். இதுக்கு ஓடுதவன் நிச்சயத்துக்கு முன்னாலயே ஓடிரட்டும்."

சித்தப்பா காபி குடிக்காமலே கிளம்பினார். எங்கள் குடும்பத்தில் அது போர்ப் பிரகடனம். நடக்கட்டும் என்று, பென் டிரைவில் ஒன்று, புது டிவிடிகளில் சில எனக் காப்பி எடுத்தேன், ஒரு நொடிகூட வெட்டாமல். ஒன்றை அவர் வீட்டுக்கே கொண்டுபோனேன். அவர் கை நீட்டவில்லை, சித்தி வாங்கிக்கொண்டார்.

உறவில் யாராவது இன்றும் "அதையெல்லாம் வீட்டில் வைத்திருக்கலாமா?" என்று கேட்கத்தான் செய்கிறார்கள். அப்பா பிடித்திருப்பது யார் கையாக இருந்தால் என்ன, அதற்காக அவரை நாங்கள் கைவிடுவதாக இல்லை.